எவ்வளவு கோபம் இருந்தாலும் அதே சின்னம்: இந்த நிலையான ஓட்டை எப்படிப் படிப்பது, எப்படி அளப்பது?

தெற்குவீதி (கேள்வி)

தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1996ல் அதிமுக மீது மக்களுக்கு இருந்தது லேசுப்பட்ட கோபம் இல்லை. முதல்வர் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், கட்சிக்கு மிஞ்சியது 4 இடம். அப்படியும் 21 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்திருக்கிறது. அதற்கு முந்தைய தேர்தலில், 1991ல், திமுகவுக்கு 2 இடம்தான். அங்கேயும் 22 சதவீதத்துக்கு மேல் ஓட்டு.

எம்எல்ஏ ஊர்ப்பக்கமே தலைகாட்டுவதில்லை, குழாயில் தண்ணீர் வருவதில்லை, சர்டிபிகேட் வாங்கப் போனால் காசு என்று ஐந்து வருடம் திட்டித் தீர்க்கிறவர்களே உள்ளே போனதும் பழைய பொத்தானைத்தான் அமுக்குகிறார்கள். ஏன்? இதைச் சாவடி அளவில் எண்ணிப் பார்க்க வழி இருக்கிறதா? "காசு வாங்கிட்டாங்க", "சாதி", "விவரம் பத்தாது" என்ற மூன்று பதிலும் வேண்டாம், அதெல்லாம் டீக்கடையிலேயே கிடைக்கிறது.

---

கூட்டிக்கழி

முதலில் அந்த 21, 22 என்ற எண்களை ஓரம் வையுங்கள். அது மாநிலம் முழுக்கப் பதிவான ஓட்டில் கட்சியின் பங்கு. கூட்டணிக்கு விட்டுக்கொடுத்த தொகுதிகளில் அந்தச் சின்னமே இயந்திரத்திலோ சீட்டிலோ கிடையாது. 1996ல் அதிமுக நின்றது 168 தொகுதி. 1991ல் திமுக நின்றது 176. நின்ற இடங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டால் இரண்டுமே சுமார் 30 சதவீதம் வரும். 2021 வரையிலான சட்டமன்றத் தேர்தல்களில் இடக்கணக்கில் இரண்டு கட்சியும் மிக மோசமாக அடிவாங்கியவை இவை, இரண்டுக்கும் தரை, அதாவது எவ்வளவு அடிவாங்கினாலும் மிஞ்சுகிற ஓட்டு, ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கிறது.

கூட்டணிக் கட்சி ஓட்டும் அந்த முப்பதுக்குள் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். 1996ல் அதிமுகவோடு காங்கிரஸ் இருந்தது. ஆனால் மூப்பனார் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) தொடங்கி வெளியே போய்விட்டதால் காங்கிரஸ் கொண்டுவந்தது சொற்பம்தான்.

இடங்களை வைத்து விசுவாசத்தை எடைபோடுகிறவர்கள் வழுக்கும் இடம் இதுதான். 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுகவுக்கு 39ல் ஒன்றுகூட இல்லை, ஓட்டோ கிட்டத்தட்ட 30 சதவீதம். 2014ல் திமுகவுக்கு ஒன்றுகூட இல்லை, ஓட்டு 23 சதவீதத்துக்கு மேல். அதிக ஓட்டு வாங்கியவருக்கே தொகுதி என்ற முறையில் 45க்கு 35 என்று இருந்தாலே மொத்தமாகத் துடைத்தெடுத்துவிடும். "மக்கள் கைகழுவிவிட்டார்கள்" என்று மறுநாள் தலைப்பு வரும். கைகழுவியது பத்துப் பேரில் ஒருவரோ இருவரோதான்.

இப்போது உண்மையான கேள்வி. விஜயகாந்தின் தேமுதிகவை எடுத்துக்கொள்ளுங்கள். 2006ல் தனியாக நின்று 8 சதவீதத்துக்கு மேல், 2009ல் 10 சதவீதம், 2011ல் கூட்டணியில் 29 இடம், எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி. 2016ல் 2.4. 2021ல் அரை சதவீதம்கூட இல்லை. அதே மக்கள், அதே தொகுதிகள். அதிமுகவின் 1996 வாக்காளர் நின்றார், தேமுதிகவின் 2011 வாக்காளர் நிற்கவில்லை. தமிழர்கள் இயல்பிலேயே கட்சி விசுவாசிகள் என்ற விளக்கம் இங்கே உடைகிறது. விசுவாசம் வாக்காளரின் குணம் என்றால் இரண்டுக்கும் ஒரே கதி வந்திருக்க வேண்டும். அது கட்சி கட்டிவைத்த ஏற்பாடு. சிலர் கட்டினார்கள், சிலர் கட்டவில்லை.

---

மணல்மேட்டான்

கூட்டிக்கழி நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். அந்த ஏற்பாட்டில் என்னென்ன இருக்கிறது?

கிளைச் செயலாளர். மேலே இருக்கிற ஒன்றியம், மாவட்டம் எல்லாம் பிறகு. தெருவில் ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் தாலுகா ஆபீசுக்குக் கூட வருகிறவர், ஸ்டேஷனில் ஒரு பையனை உட்கார வைத்துவிட்டால் போன் போடுகிறவர், சாவுக்குப் பந்தல் போட ஆள் சொல்கிறவர் அவர்தான். எம்எல்ஏ ஏமாற்றினார் என்பது உண்மை. ஆனால் அந்தக் குடும்பம் கட்சி என்று பார்ப்பது எம்எல்ஏவை அல்ல, இவரை. இவர் ஏமாற்றவில்லை. திமுகவும் அதிமுகவும் ஆட்சியை இழந்த வருடங்களிலும் இந்த அடுக்கு கலையவில்லை. தேமுதிகவில் இது முழுதாக உருவாகும் முன்பே தலைவரின் செல்வாக்கு இறங்கத் தொடங்கிவிட்டது. 2016ல் முதல்வர் வேட்பாளரே உளுந்தூர்பேட்டையில் தோற்றபோது, கீழே தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை.

அடுத்து, பழி எங்கே போய் விழுகிறது என்பது. நம் ஊர் அரசியல் பேச்சில் இதற்கென்றே தயார் வாக்கியங்கள் உண்டு: "தலைவருக்கு இது தெரியாது", "அம்மாவைச் சுத்தி இருக்கறவங்க சரியில்ல", "அதிகாரிங்க கெடுத்துட்டாங்க", "மாவட்டம்தான் காரணம்". கவனியுங்கள், கோபத்தை யாரும் மறுக்கவில்லை. கோபத்துக்கு வேறு விலாசம் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். 1996 தோல்விக்கு 1995ல் சென்னையில் நடந்த வளர்ப்பு மகன் திருமணத்தைக் காட்டாத ஆள் இல்லை. கட்சிக்காரர்கள் பலரும் அதன் பழியைத் தலைமை மேல் போடாமல் தோழி சசிகலா குடும்பத்தின் மேல்தான் போட்டார்கள். இரண்டே வருடத்தில், 1998 மக்களவைத் தேர்தலில், அதிமுக அணி 39ல் 30ஐப் பிடித்தது. பாமக, மதிமுக, பாஜக கூட்டணி அதற்குப் பெரிய காரணம். ஆனால் அடியில் கட்சி ஓட்டு கரைந்திருந்தால் யார் வந்து கூட்டணி வைத்திருப்பார்கள்?

மூன்றாவது காரணம், எதிரணி. விசுவாசியிடம் ஆட்சி எப்படி என்று கேட்டால் "மோசம்" என்பார். அடுத்த வாக்கியம் "ஆனா அவன் வந்தா?" என்று தொடங்கும். தன் கட்சியின் இன்றைய நிலையை நேற்றைய வாக்குறுதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. எதிர்க்கட்சியின் மிக மோசமான நாளோடு ஒப்பிடுகிறார். 2011ல் திமுக போய் அதிமுக வந்த பிறகு சில வருடம் எந்தக் குறை சொன்னாலும் "அவங்க ஆட்சியில கரண்ட் இருந்துச்சா?" என்ற ஒற்றைப் பதில் போதுமானதாக இருந்தது. அதே மின்வெட்டு 2012லும் தொடர்ந்தது என்பது அந்த வாயை அடைக்கவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் டேவிட் ரெட்லாஸ்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. போலித் தேர்தல் ஒன்றை நடத்தி, ஒருவருக்குப் பிடித்த வேட்பாளரைப் பற்றியே கெட்ட செய்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சமாகக் கொடுத்தபோது ஆதரவு குறையவில்லை, கூடியது. ஒரு அளவைத் தாண்டிய பிறகுதான் இறங்க ஆரம்பித்தது. அதாவது ஒன்றிரண்டு ஊழல் செய்தி விசுவாசியை உசுப்பிவிடும். தொடர்ச்சியாக, விலகி ஓட இடமில்லாமல் வந்தால்தான் அவர் அசைவார். டிவி விவாதத்தில் ஒரே ஒரு குற்றச்சாட்டை வைத்துக் கத்துகிறவர்கள் எதிராளியின் ஓட்டை இறுக்கிக் கட்டிக்கொடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

---

இருபதாம்படிவம்

அளப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வழி இருக்கிறது, பொறுமை வேண்டும்.

தேவையான ஆவணம் படிவம் 20. தொகுதியின் இறுதி முடிவுத் தாள், சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளருக்கும் விழுந்த ஓட்டு அதில் இருக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாகக் கிடைக்கும். கட்சிகளின் சாவடி முகவர்களிடம் வாக்குப்பதிவு முடிந்ததும் கொடுக்கிற படிவம் 17சி வேறு, அதில் பதிவான மொத்த ஓட்டு மட்டும்தான் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

2011, 2016, 2021 மூன்றையும் எடுங்கள். அதற்கு முன்னால் போகாதீர்கள். 2008 தொகுதி மறுசீரமைப்பில் எல்லைகள் மாறிவிட்டன. 2006ஐயும் 2011ஐயும் ஒரே தொகுதிப் பெயரை வைத்து ஒப்பிடுகிறவர் வேறு வேறு ஊர்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்.

அடுத்து சாவடி எண்ணை நம்பாதீர்கள். 2021ல் கொரோனாவுக்காக ஒரு சாவடிக்கு 1,000 வாக்காளருக்கு மேல் வேண்டாம் என்று பிரித்தார்கள். மாநிலத்தில் சாவடிகள் 88 ஆயிரத்தைத் தாண்டின. 2016ல் 112ஆம் சாவடியாக இருந்தது 2021ல் இரண்டாக உடைந்திருக்கலாம், எண்ணே தள்ளிப்போயிருக்கலாம். வாக்குச்சாவடிப் பட்டியலில் எந்தத் தெருக்கள் என்று போட்டிருப்பதைப் பார்த்து இணைக்க வேண்டும். நேரம் இல்லையென்றால் ஒரே பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிற எல்லாச் சாவடியையும் ஒன்றாகக் கூட்டி அதை ஓர் அலகாக வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தலைவலி போய்விடும்.

பிறகு முக்கியமான படி: பதிவான ஓட்டில் சதவீதம் போடாதீர்கள், மொத்த வாக்காளரில் போடுங்கள். ஏன் என்பதற்கு, கணக்குக்காக மட்டும் ஒரு கற்பனைச் சாவடி:

2016: வாக்காளர் 900, பதிவு 690. நம் கட்சி 310, எதிர்க்கட்சி 300, மற்றவர் 80.
2021: வாக்காளர் 940, பதிவு 670. நம் கட்சி 255, எதிர்க்கட்சி 325, மற்றவர் 90.

பதிவான ஓட்டில் 44.9லிருந்து 38.1 ஆகிவிட்டது, "7 சதவீதம் எதிரணிக்குப் போய்விட்டது" என்று எழுதிவிடுவார்கள். தாளைப் பாருங்கள். இழந்தது 55. எதிர்க்கட்சிக்குக் கூடியது 25, மற்றவருக்குக் கூடியது 10. அதிலும் புதிதாகச் சேர்ந்த 40 வாக்காளரின் பங்கு இருக்கலாம். ஓட்டே போடாதவர்கள் 210லிருந்து 270 ஆகியிருக்கிறார்கள். கோபித்துக்கொண்டவர்களில் ஒரு பகுதி வீட்டிலேயே இருந்துவிட்டார் என்பதற்கு இதுதான் தடயம். மொத்த வாக்காளரில் கட்சியின் பங்கு 34.4லிருந்து 27.1. மூன்று தேர்தலிலும் இப்படிப் போட்டு, இருப்பதில் குறைந்த எண்ணை அந்தச் சாவடியின் தரை என்று வைத்துக்கொள்ளலாம்.

சொதப்பும் இடங்கள்:

தபால் ஓட்டு படிவம் 20ல் சாவடி வாரியாக இருக்காது, கடைசியில் ஒரே வரியாக நிற்கும். 2021ல் 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தபால் ஓட்டு கொடுத்தார்கள். வயதானவர்கள்தான் சின்னத்தை விடாதவர்கள். அவர்கள் சாவடிக் கணக்கிலிருந்து காணாமல் போனால் தரை உண்மையைவிடத் தாழ்ந்து தெரியும்.

கட்சி அந்தத் தொகுதியைக் கூட்டணிக்குக் கொடுத்திருந்தால் அந்த வருடத்தை இதே வரிசையில் சேர்க்காதீர்கள், தனியாக வையுங்கள். அது வேறு சோதனை, கீழே யாராவது சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

பெயர் ஒற்றுமை உள்ள சுயேச்சைகளையும் பாருங்கள். முக்கிய வேட்பாளரின் அதே பெயரில், அதே இன்ஷியலில் ஒருவரை நிறுத்துவது பழைய வித்தை. நூற்றுக்கணக்கில் ஓட்டு அங்கே தவறிப்போயிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல், சாவடிக் கணக்கில் தெரிவது நிகர மாற்றம் மட்டுமே. 60 பேர் வெளியேறி வேறு 60 பேர் உள்ளே வந்தாலும் தாளில் பூஜ்யம்தான் தெரியும். "இந்தச் சாவடி அசையவே இல்லை" என்று சொல்லலாம், "இங்கே யாருமே மாறவில்லை" என்று சொல்ல முடியாது.

---

தெற்குவீதி

மூவருக்கும் நன்றி. வீட்டிலேயே இருந்துவிடுவது எனக்குப் பிடிபடாமல் இருந்தது. இன்னும் ஒன்று: இந்த விசுவாசம் தலைவருக்கா, கட்சிக்கா, சின்னத்துக்கா? தலைவர் மறைந்த பிறகும் ஓட்டு நிற்கிறதே.

---

கூட்டிக்கழி

இதற்குத் தமிழ்நாட்டில் சோதனைக்கூடம் மாதிரி இரண்டு சம்பவம் இருக்கிறது.

1989 ஜனவரி. எம்ஜிஆர் இல்லை, கட்சி இரண்டு, இரட்டை இலை முடக்கம். ஜெயலலிதா அணி சேவலில் நின்று 27 இடம், சுமார் 21 சதவீதம். ஜானகி அணி இரட்டைப் புறாவில் நின்று 2 இடம், சுமார் 9 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 30, 1984ல் ஒன்றாக இருந்தபோது 37. இது மாநிலப் பங்கு, நின்ற தொகுதிகள் வேறு என்பதால் தோராயம்தான்; அப்படிப் பார்த்தால் சின்னமும் தலைவரும் ஒருசேரப் போயும் ஐந்தில் நான்கு பங்கு இரண்டு கூடாரத்துக்குள்ளேயே இருந்தது. திமுக பக்கம் தாவவில்லை. கட்சி இணைந்து இலை திரும்பியதும் மார்ச்சில் மருங்காபுரி, மதுரை கிழக்கு இடைத்தேர்தல்கள் இரண்டும் அதிமுகவுக்கு. நவம்பர் மக்களவைத் தேர்தலில் காங்கிரசோடு சேர்ந்து 39ல் 38. ஜனவரியில்தான் திமுக 150 இடத்தோடு ஆட்சிக்கு வந்திருந்தது!

2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இதற்கு நேர் எதிர் மாதிரித் தெரியும். இலை வைத்திருந்த வேட்பாளரை குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டில் தோற்கடித்தார். "சின்னம் செத்துவிட்டது" என்று அன்றைக்கு எழுதாத ஆளில்லை. 2021ல் அதே தினகரன் கோவில்பட்டியில் தோற்றார், அவருடைய அமமுகவுக்கு மாநிலத்தில் 2.4 சதவீதம்தான், இடம் எதுவும் இல்லை. இலைக்கு 33. இடைத்தேர்தலை வைத்து விசுவாசத்தை அளக்கவே கூடாது. ஆட்சி மாறாது என்று தெரிந்தே போடுகிற ஓட்டு அது, கோபத்தைச் சில்லறையாகச் செலவழிக்க நல்ல வாய்ப்பு. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு பணமும் அங்கேதான் குவிகிறது.

---

ஓரக்கண்

இருவரும் வாக்காளரின் மனதையே பார்க்கிறீர்கள். கொஞ்சம் பயத்தையும் பாருங்கள். ஓட்டு ரகசியம், சரி. ஆனால் படிவம் 20 வந்ததும் எந்தத் தெரு எவ்வளவு போட்டது என்பது எல்லாக் கட்சிக்கும் தெரிந்துவிடுகிறது. 800 பேர் ஓட்டுப்போட்ட சாவடியில் உங்கள் ஓட்டு தெரியாது, உங்கள் தெருவின் ஓட்டு தெரியும். தார் ரோடு, தெருவிளக்கு, தொகுப்பு வீடு என்று அடுத்த ஐந்து வருடம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். பல சாவடி ஓட்டைக் கலந்து மொத்தமாக எண்ணுகிற டோட்டலைசர் இயந்திரத்தைச் சட்ட ஆணையம் 2015ல் தன் 255வது அறிக்கையில் பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. வந்தால் மேலே நண்பர் சொன்ன ஆராய்ச்சி பாழ்தான், ஆனால் விசுவாசம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு தெருக்கட்டுப்பாடு என்பது வெளியே வந்துவிடும்.

பணம் வேண்டாம் என்றீர்கள், சரி. ஒரே ஒரு குறிப்பு. பணம் கட்சி மாற்றுவதைவிட, சலித்துப்போய் வீட்டில் இருக்கிற சொந்த ஓட்டை எழுப்பிக் கூட்டிவரத்தான் அதிகம் உதவுகிறது. அதனால்தான் எல்லாத் தரப்பும் தன் பலமான தெருவிலும் கொடுக்கிறது.

---

மணல்மேட்டான்

ஓரக்கண் சொன்ன தெருக்கட்டுப்பாடு கிராமத்தில் பொருந்தும். சென்னை, கோவை அடுக்குமாடிகளில் பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாத இடத்திலும் இந்தத் தரை இருக்கிறது.

கூட்டணிச் சோதனை பற்றி இருபதாம்படிவம் விட்டுவைத்தாரே, அது இதுதான். கட்சி நிற்காத தொகுதியில் அதன் ஓட்டு எங்கே போனது? தலைமை சொன்ன கைக்கோ தாமரைக்கோ மாறினால் அது கட்சிக் கட்டுப்பாடு. மாறாமல் நோட்டாவுக்கும் சுயேச்சைக்கும் சிதறினால் அது சின்னத்தின் மேலுள்ள பற்று மட்டும். 2016ல் காங்கிரசுக்கு 41 கொடுத்ததில் ஜெயித்தது 8. 2021ல் 25 கொடுத்ததில் 18. இரண்டு முறையும் விட்டுக்கொடுத்தது திமுகதான். அலை வேறு என்பதைக் கழித்துக்கொண்டாலும் உள்ளடி வேலை எந்த வருடம் அதிகம் என்று அந்தந்தத் தொகுதியின் படிவம் 20ஐப் பக்கத்துத் தொகுதியோடு வைத்துப் பார்த்தால் தெரியும். அதிருப்தி அடைந்த கட்சிக்காரர் எதிரணிக்குப் போக மாட்டார். கூட்டணி வேட்பாளரைக் கவிழ்ப்பார், உள்ளாட்சித் தேர்தலில் சொந்தக்காரரைச் சுயேச்சையாக நிறுத்துவார், பூத் செலவுக்கு வந்த காசைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை நிழலில் உட்கார்ந்திருப்பார். தண்டனையெல்லாம் வீட்டுக்குள்ளேதான்.

---

இருபதாம்படிவம்

சரியாகச் சொன்னார். ஒரு திருத்தம் மட்டும்: பக்கத்துத் தொகுதி என்று எடுக்கும்போது அதே மாவட்டம், ஒத்த சமூகக் கலவை, இரண்டு தேர்தலிலும் கட்சி நேரடியாக நின்ற தொகுதியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேட்பாளரின் சாதி ஓட்டைக் கட்சியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

ஆள் அளவில் கேட்டுப் பார்க்க நினைத்தால் கேள்வியை ஜாக்கிரதையாக வையுங்கள். "போன தடவை யாருக்குப் போட்டீங்க?" என்று வாய்விட்டுக் கேட்டால் ஜெயித்தவருக்குப் போட்டதாகச் சொல்கிறவர்கள் உண்மையைவிடக் கூடுதலாக வருவார்கள். சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டைக் கொடுத்து, மறைவாகக் குறித்து மடித்து ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள், லோக்நீதி அமைப்பின் தேர்தல் கருத்தாய்வுகளில் செய்வது இதைத்தான். ஆட்சி திருப்தியா, எம்எல்ஏ திருப்தியா என்பதைத் தனித்தனிக் கேள்வியாகவும், ஓட்டுக் கேள்விக்குப் பிறகும் வையுங்கள். முதலில் குறையைக் கேட்டுவிட்டு ஓட்டைக் கேட்டால், சொன்ன குறைக்கு ஏற்ற மாதிரி ஓட்டை மாற்றிச் சொல்வார்கள். கட்சிப் பேட்ஜ் குத்திய உள்ளூர்க்காரரை உதவிக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், வழி காட்டுவதற்குக்கூட.